சவரக்கத்தியில் எந்தக் குழிவு?

மடக்குச் சவரக்கத்தியை அதன் நுனிப் பக்கத்திலிருந்து நேராகப் பார்த்தால் குறுக்குவெட்டு கண்ணுக்குப் புலப்படும். மேலே தடித்த முதுகு, கீழே கூர்முனை. இரண்டுக்கும் நடுவே உள்ள பக்கங்கள் எவ்வளவு உள்வாங்கியிருக்கின்றன என்பதை வைத்துத்தான் இந்தக் கத்திகளை வகை பிரிக்கிறார்கள். பக்கங்கள் உள்வாங்காமல் ஆப்பு போலச் சரிந்து இறங்கினால் அது வெட்ஜ். சற்றே குழிந்தது கால் குழிவு. மேலும் குழிந்தது அரைக் குழிவு. தகடாக மெலியும்வரை குடைந்து எடுத்தது முழுக்குழிவு. விற்பவர்களும் வாங்குபவர்களும் இவற்றை குவார்ட்டர் ஹாலோ, ஹாஃப் ஹாலோ, ஃபுல் ஹாலோ என்பார்கள். இந்தப் பெயர்களுக்குக் கறாரான அளவு எதுவும் கிடையாது. ஒருவர் அரை என்று விற்பதை இன்னொருவர் முக்கால் என்று விற்பார். பெயரை நம்புவதைவிடக் குறுக்குவெட்டைப் பார்த்து வாங்குவதே சரி.

இவற்றில் எது ஒட்ட மழிக்கும் என்பதுதான் வாங்குபவர் முதலில் கேட்கும் கேள்வி. நன்றாகத் தீட்டியிருந்தால் எல்லாமே ஒட்ட மழிக்கும் என்பதுதான் விடை. காரணம் கத்தியின் அமைப்பிலேயே இருக்கிறது. சவரக்கத்தியைத் தீட்டும்போது முதுகும் கூர்முனையும் ஒருசேரக் கல்லில் படிய வைத்துத் தேய்ப்பார்கள். ஆகவே கூரின் கோணத்தை முதுகின் தடிமனும் அலகின் அகலமும் மட்டுமே தீர்மானிக்கின்றன. அகலம் 16 மில்லிமீட்டர், முதுகு 4.5 மில்லிமீட்டர் என்றால் கோணம் ஏறத்தாழ 16 டிகிரி. நடுவில் உள்ள இரும்பைக் குடைந்தாலும் குடையாவிட்டாலும் அந்தக் கோணம் மாறப்போவதில்லை. முடியை அறுப்பது அந்தக் கூர்முனைதான். குழிவால் மாறுவது கத்தியின் எடை, விறைப்பு, சத்தம், தீட்டுவதற்கு ஆகும் நேரம் ஆகியவை.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் மூசையில் உருக்கி வார்த்த எஃகு, அந்நகரைக் கத்தித் தொழிலின் தலைநகராக்கியது. அந்நாளைய கத்திகளைத் தேய்த்த சாணைச் சக்கரங்கள் மிகப் பெரியவை. பெரிய சக்கரத்தின் வளைவு அலகில் பதியும்போது குழிவு இருப்பதே தெரியாது. பழைய ஷெஃபீல்டு கத்திகள் பெரும்பாலும் வெட்ஜ் வடிவத்தில் இருப்பது அதனால்தான். ஆழமாகக் குடையச் சிறிய சக்கரங்கள் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரத்துச் சாணைக்காரர்கள் இதில் கைதேர்ந்தார்கள். நல்ல முழுக்குழிவுக் கத்தியில் முதுகுக்குக் கீழே ஒரு வளைவும் கூருக்கு மேலே இன்னொரு வளைவும் இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில், விரலால் தடவினால் மட்டும் தட்டுப்படும் மெல்லிய மேடு ஒன்று நீளவாக்கில் ஓடும். மெலிந்த அலகு நெளியாமல் அதைத் தாங்கிப் பிடிப்பது அந்த மேடுதான். ஒரு மயிரிழை கூடுதலாகத் தேய்த்துவிட்டால் கத்தி வீண் என்பதால், சாணைக்காரரின் கைப்பழக்கமே விலையில் பெரும்பங்காக இருந்தது.

முழுக்குழிவுக் கத்தி தாடியில் இறங்கும்போது சன்னமாக ஒலிக்கும். மெல்லிய அலகு அதிர்வதால் எழும் ஒலி அது. காதுக்கு இனிமை என்பதோடு, பயனும் உண்டு: கத்தி எங்கே முடியை அறுக்கிறது, எங்கே வெறும் தோலில் வழுக்குகிறது என்பதைக் காதும் விரலும் உடனுக்குடன் அறிந்துகொள்ளும். கைக்கு இலகுவாக இருப்பதால் மூக்கின் அடி, தாடை வளைவு போன்ற இடங்களில் எளிதாகத் திரும்பும். ஆனால் அழுத்தினால் அலகு வளைந்துகொடுக்கும். அழுத்துகிற பழக்கம் உள்ளவர் கன்னத்தில் கீறலும் எரிச்சலும் மிஞ்சும். கூரைச் சீராக்கத் தேய்க்கும் தோல்வாரில் அவசரமாகத் திருப்பினாலும், தண்ணீர்க் குழாயில் இடித்தாலும் முனை பெயர்வது இந்த வகையில்தான் அதிகம்.

வெட்ஜ் இதற்கு நேர்மாறு. கனமும் விறைப்பும் உள்ள கத்தி அது. கம்பி போன்ற தாடியிலும், இரண்டு மூன்று நாள் வளர்ந்த முடியிலும் தயங்காமல் போகும். கத்தியின் எடையே வேலையைச் செய்துவிடுவதால் கை அழுத்த வேண்டியதில்லை. அலகு சத்தம் போடாது என்பதால் கோணத்தைக் கைப்பழக்கத்தால்தான் கணிக்க வேண்டும். இதன் உண்மையான தொல்லை தீட்டும்போது தெரியும். முழுக்குழிவில் கல்லைத் தொடுவது முதுகின் ஓரமும் கூரின் மெல்லிய கோடும் மட்டுமே. கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்துவிடும். உண்மையான வெட்ஜில் பக்கம் முழுவதும் கல்லில் படியும். அவ்வளவு எஃகையும் தேய்த்துத்தான் கூருக்கு வர வேண்டும். அதனால் முதுகில் ஒரு நாடாவை ஒட்டிச் சற்றே உயர்த்தி, கூர்முனை மட்டும் கல்லில் படும்படி தீட்டுவது வழக்கம்.

அரைக் குழிவு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அடர்ந்த தாடிக்கு வேண்டிய விறைப்பும் உண்டு, கல்லில் படும் பரப்பும் குறைவு. முதல் கத்தி வாங்குபவருக்கு முழுக்குழிவைப் பரிந்துரைப்போர் பலர் உண்டு. ஆனால் பழகாத கைக்கு அரைக் குழிவே கூடுதலாகப் பிழை பொறுக்கும். மென்மையான தோலும் அடர்த்தி குறைந்த தாடியும் உள்ளவர், தினமும் மழிப்பவர் என்றால் முழுக்குழிவு. வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் மழிக்கும் முரட்டுத் தாடிக்காரர், தீட்டப் பொறுமையும் உள்ளவர் என்றால் கால் குழிவோ வெட்ஜோ பொருந்தும்.

குழிவோடு அகலத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அகலத்தை அங்குலத்தின் எட்டில் இத்தனை பங்கு என்று சொல்வார்கள்; 5/8 என்பது சுமார் 16 மில்லிமீட்டர், 6/8 என்பது 19. இவை இரண்டுமே பொதுப் பயன்பாட்டுக்கு ஏற்றவை. 4/8 குறுகலான இடங்களில் நன்றாகத் திரும்பும், ஆனால் நுரை சீக்கிரம் வழியும். 8/8 நிறைய நுரையை ஏந்தும், மூக்கடியில் தடுமாறும். நுனி வளைந்த கத்தியே புதியவருக்கு நல்லது. சதுர நுனி காதோரம் நேர்க்கோடு இழுக்க உதவும், காது மடலையும் கீறும்.

தமிழ்நாட்டுச் சலூன்களில் இன்று காணப்படும் மடக்குக் கத்தியில் இந்தத் தேர்வுக்கே இடமில்லை. பிளேடை இரண்டாக ஒடித்து அரைத்துண்டைச் செருகும் வெறும் பிடிதான் அது. ஒவ்வொருவருக்கும் புதுத்துண்டு மாற்றுவதால் நோய் பரவும் அச்சமும் குறைவு. குழிவு பார்த்து வாங்குவது வீட்டில் தானே மழித்துக்கொள்பவரின் வேலை. கார்பன் எஃகுக் கத்தி என்றால், கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் துடைத்து எண்ணெய் பூசாமல் மூடி வைக்கக் கூடாது. முழுக்குழிவில் கூருக்கு அருகே எஃகு மிக மெல்லியது என்பதால் சிறு துருப்புள்ளியும் முனையைத் தின்றுவிடும்.

பழைய கத்தி வாங்குவோர் முதலில் முதுகைப் பார்க்க வேண்டும். பலமுறை தீட்டியதில் அங்கே தட்டையான பட்டை விழுந்திருக்கும். பட்டை இருபுறமும் ஒரே அகலத்தில் ஓடினால் கவலையில்லை. ஒரு முனையில் அகன்றும் மறுமுனையில் குறுகியும் இருந்தால், கத்தி கோணலாகத் தேய்க்கப்பட்டிருக்கிறது அல்லது அலகே முறுக்கிக்கொண்டிருக்கிறது. பிறகு அலகின் பக்கத்தை நகத்தால் மெல்லத் தட்டிப் பார்க்கலாம்: பழுதில்லாத முழுக்குழிவு கணீரென்று ஒலிக்கும், உள்ளே விரிசல் கண்டது மந்தமாக ஒலிக்கும். விரிசல் விட்ட கத்தியை எந்தக் கல்லும் சரிசெய்யாது.