உங்களுக்குத் தெரியுமா? கோலிக்குண்டு போட்டு ஆட்சியை மாற்றிய குட்டி நாடு!

உலக வரைபடத்தை எடுங்கள். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் செனகல் இருக்கிறதா? அதன் வயிற்றுக்குள் மண்புழு மாதிரி ஒன்று நெளிந்து கிடக்கிறதே, அதுதான் காம்பியா! ஆப்பிரிக்கப் பெருநிலத்திலேயே மிகச் சிறிய நாடு. மொத்தப் பரப்பு சுமார் 11,300 சதுர கிலோமீட்டர்தான்!

நடுவில் ஓர் ஆறு, அதற்கு இரண்டு கரை. நாடே அவ்வளவுதான்! மூன்று பக்கமும் செனகல், நாலாவது பக்கம் கடல்.

ஆற்றில் மிதந்தபடி பிரிட்டிஷ் கப்பல் இரண்டு பக்கமும் பீரங்கி சுட்டதாம். குண்டு விழுந்த இடம்தான் எல்லையாம்! இது ஊரில் சொல்லும் கதை. நடந்தது அதைவிட வியப்பு! 1889-ல் பிரிட்டனும் பிரான்சும் பேசி, ஆற்றிலிருந்து இந்தப் பக்கம் 10 கிலோமீட்டர், அந்தப் பக்கம் 10 கிலோமீட்டர் என்று கோடு கிழித்துவிட்டார்கள்!

இப்போது சொல்லப்போவதைக் கேட்டால் அசந்துபோவீர்கள். இந்த நாட்டில் ஓட்டுச்சீட்டு கிடையாது. பட்டனும் கிடையாது. கோலிக்குண்டு! ஆமாம், நாம் தெருவில் விளையாடுகிறோமே, அதே கண்ணாடிக் கோலி!

விரலில் மை வைத்ததும் கையில் ஒரே ஒரு கோலி தருவார்கள். மறைப்புக்குப் பின்னால் போனால் வரிசையாகத் தகர டிரம்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு டிரம், அதன்மேல் கட்சியின் நிறம், வேட்பாளரின் படம். மேலே இருக்கும் ஓட்டையில் கோலியைப் போட்டால் உள்ளே மணி ‘டிங்’ என்று அடிக்கும். ஒரு ‘டிங்’ என்றால் ஒரு ஓட்டு. இரண்டாவது ‘டிங்’ கேட்டால் கள்ள ஓட்டு!

கோலியோடு கோலி மோதினாலும் சத்தம் வருமே? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். டிரம்முக்கு அடியில் மணலோ மரத்தூளோ கொட்டிவிடுவார்கள்! சைக்கிள் மணியால் குழப்பம் வரக் கூடாதே? தேர்தல் நாளில் வாக்குச்சாவடிப் பக்கம் சைக்கிளுக்கே தடை!

ஓட்டு எண்ணும் விதம் இன்னும் அழகு. குழி குழியாக இருக்கும் தட்டில் கோலிகளைக் கொட்டிப் பரப்புவார்கள். ஒரு தட்டு நிறைந்தால் 200 அல்லது 500 ஓட்டு! எழுதப் படிக்கத் தெரியாதவரும் தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். 1960-களில் தொடங்கிய ஏற்பாடு இது. என்னைக் கேட்டால், உலகத்தின் அழகான தேர்தல் இதுதான்!

அந்தக் கோலி லேசுப்பட்டதா? 1994-ல் ராணுவப் புரட்சி செய்து நாட்டைப் பிடித்தவர் யாயா ஜாமே. கடவுள் நினைத்தால் நூறு கோடி ஆண்டுகூட ஆள்வேன் என்று 2011-ல் பேட்டி கொடுத்தார். 2016 டிசம்பரில் கோலிகள் எதிராக விழுந்தன. 22 ஆண்டு ஆட்சி காலி!

அவரை வென்றவர் அடாமா பாரோ. ஒரு காலத்தில் லண்டனில் கடைக்குக் காவலாளியாக இருந்தவர்! பதவியேற்றதும் சொந்த நாட்டில் இல்லை. ஜாமே நாற்காலியை விட மறுத்ததால், பக்கத்து நாட்டுத் தலைநகர் டக்காரில் உள்ள காம்பியத் தூதரகத்தில்தான் உறுதிமொழி எடுத்தார்!

நாட்டின் முதல் ஜனாதிபதி தவ்தா ஜவாரா என்ன படித்தவர் தெரியுமா? மாட்டு வைத்தியம்! 1965-ல் சுதந்திரம் வாங்கித் தந்தவர் ஒரு கால்நடை டாக்டர்!

காம்பியா ஆற்றின் நடுவே ஒரு பொட்டுத் தீவு. அதில் 1651-ல் கோட்டை கட்டியவர்கள் ஆங்கிலேயர் இல்லை, பிரெஞ்சுக்காரர் இல்லை. இன்றைய லாட்வியாவில் இருந்த கூர்லாந்து என்ற சிற்றரசின் ஆட்கள்! பத்தே ஆண்டில் ஆங்கிலேயர் பிடுங்கிக்கொண்டார்கள்.

பிறகு அந்தத் தீவு வழியாகத்தான் மனிதர்களைச் சங்கிலியில் கட்டி அமெரிக்காவுக்கு விற்றார்கள். அலெக்ஸ் ஹேலி 1976-ல் எழுதிய ‘ரூட்ஸ்’ நாவலின் நாயகன் குண்டா கிண்டே, எதிர்க்கரையில் இருக்கும் ஜுஃபுரே கிராமத்துப் பிள்ளை. தீவுக்கு அன்று ஆங்கிலேயர் வைத்த பெயர் ஜேம்ஸ். 2011 முதல் அதன் பெயர் குண்டா கிண்டே தீவு!

வாசு என்ற ஊரில் ஆள் உயரத்துக்கும் மேலான செம்பாறைத் தூண்கள் வட்டம் வட்டமாக நிற்கின்றன. நட்டவர்கள் யார்? இன்றுவரை யாருக்கும் தெரியாது! காம்பியாவிலும் செனகலிலுமாக 350 கிலோமீட்டர் நீளத்துக்கு இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னங்கள்! பார்க்கப் போகிறவர்கள் தூண் தலையில் ஒரு சின்னக் கல்லை வைத்துவிட்டு வருவது வழக்கம். தூணுக்குத் தூண் கூழாங்கல் குவியல்!

பக்காவு ஊரில் கச்சிகல்லி என்று ஒரு புனிதக் குளம். குளம் முழுக்க முதலைகள்! கரையில் வெயில் காயும் முதலையின் முதுகைத் தடவிக்கூடப் பார்க்கலாம். பிள்ளை வரம் கேட்டு வரும் பெண்கள் இந்தத் தண்ணீரில்தான் குளிக்கிறார்கள்!

ஆற்றுக்குள் இருக்கும் பபூன் தீவுகளில் நூற்றுக்கும் மேல் சிம்பன்சிகள் வாழ்கின்றன. மனிதர் கால் வைக்கத் தடை! படகில் உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். பறவைகளோ 500 வகைக்கும் மேல்!

பதவியில் இருக்கும்போதே ஆப்பிரிக்காவுக்கு வந்த முதல் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட். 1943 ஜனவரியில் அவர் விமானம் வந்து இறங்கிய இடம் காம்பியா!

அமெரிக்க விண்வெளி ஓடம் கிளம்பிய வேகத்தில் கோளாறானால் எங்கே இறங்குவது? நாசா தேர்ந்தெடுத்து வைத்திருந்த அவசர ஓடுபாதைகளில் ஒன்று, தலைநகர் பஞ்சுல் அருகே இருக்கும் விமான நிலையம்!

கோரா என்று ஒரு வாத்தியம். பாதிச் சுரைக்குடுக்கை, மேலே மாட்டுத்தோல், 21 தந்திகள்! பரம்பரைப் பாணர் குடும்பங்களில் அப்பா மகனுக்கு மட்டுமே சொல்லித்தருவார். அந்த வழக்கத்தை உடைத்துக் கோராவை மேடையேற்றிய பெண் சோனா ஜோபார்தே!

விருந்தாளியாகப் போனால் கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள். ‘அத்தாயா’ டீ மூன்று சுற்று வரும்! கரியடுப்பில் சின்னக் கெட்டில். நுரை பொங்கப் பொங்க உயரத் தூக்கிக் குட்டிக் கிளாஸில் ஆற்றுவார்கள். முதல் சுற்று நாக்கைப் பிடிக்கும் கசப்பு. மூன்றாவது சுற்று சர்க்கரைப் பாகு! சாப்பாட்டுக்கு தொமொதா, அதாவது வேர்க்கடலை அரைத்துவிட்ட கெட்டிக் குழம்பு. நெடுங்காலம் நாட்டின் முக்கிய ஏற்றுமதியாக இருந்ததே அந்தக் கடலைதான்!

ஆப்பிரிக்கக் கோப்பைக் கால்பந்தில் காம்பியா முதல்முறை ஆடியது 2022-ல். அப்போது உலகத் தரவரிசையில் 150-வது இடம். ஆனாலும் காலிறுதி வரை போனது!

கடைசியாக, என் நெஞ்சைத் தொட்ட ஒன்று. மியான்மரில் ரோஹிங்கியா மக்களுக்கு நடந்த கொடுமைக்கு நியாயம் கேட்டு 2019 நவம்பரில் சர்வதேச நீதிமன்றத்தின் படியேறியது எந்த வல்லரசும் இல்லை, காம்பியா! 30 லட்சம் பேர்கூட இல்லாத நாடு. அந்த மக்களைப் பாதுகாக்க வேண்டும் என்று 2020 ஜனவரியில் இடைக்கால உத்தரவு வந்தது. அதற்குக் கைதூக்கிய நீதிபதிகள் எத்தனை பேர் தெரியுமா? 17 பேரில் 17 பேரும்!