கைப்பேசியும் கணக்குக் கோடும்

வேளைக்கு மாத்திரை உண்ணல், சிறிது நடத்தல், நேரத்தில் உறங்கல் போன்ற சிறு பழக்கங்களை நினைவூட்டிக் குறித்து வைக்கும் செயலிகள் இன்று கைப்பேசியில் உள்ளன. இம்முறை புதிதன்று. 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதலளித்த ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் புனித இஞ்ஞாசியார் ஏறத்தாழ இதனையே கற்பித்தார்: ஒரு குறையைத் தேர்ந்து, காலையில் உறுதிபூண்டு, நாளில் இருமுறை ஆராய்ந்து, தவறிய தடவைகளைக் கோட்டில் புள்ளிகளாய் இட்டு, நேற்றோடு இன்றை ஒப்பிடுதல்.

உத்திரமேரூர்ப் பகுதியில் விடியுமுன் நடவுக்குச் செல்லும் தாய்மார் சர்க்கரை நோய் மாத்திரையை மறந்துவிடுவதுண்டு. இம்மறதி நீடித்தால் கண்ணும் சிறுநீரகமும் கெடும்.

அன்பர்களே, ஒரே பழக்கத்தைச் செயலியில் பதியுங்கள். மாலையில் குடும்பச் செபமாலை முடிந்ததும் குறியிடுங்கள். கைப்பேசி இல்லாதோர்க்கு நாட்காட்டி போதும். தவறினால் சோராது மறுநாள் தொடருங்கள். தூய ஆவியாரின் ஆலயமாகிய உடலைப் பேணுதல் தன்னலமன்று, கடமை.