உங்களுக்குத் தெரியுமா? மூன்றாவது தட்டலில் திறந்த கதவு

மாயச் சாவிகள் ஒளிந்திருக்கும் பழைய மாளிகை. தந்தையைக் கொலைக்குப் பறிகொடுத்து, அங்கே குடிவரும் மூன்று பிள்ளைகள். ஜோ ஹில் எழுதி, சிலி நாட்டு ஓவியர் காப்ரியேல் ரோட்ரிகஸ் வரைந்த ‘லாக் அண்ட் கீ’ காமிக்ஸ் 2008-இல் அமெரிக்காவில் வெளிவரத் தொடங்கியது. சின்னத்திரையை எட்ட அதற்கு 12 ஆண்டுகள் ஆயின!

2011-இல் ஃபாக்ஸ் நிறுவனத்துக்காக மார்க் ரோமனெக் இயக்கிய முன்னோட்ட அத்தியாயம் சான் டியேகோ காமிக்-கான் விழாவில் திரையிடப்பட்டது. அதோடு சரி, தொடராகவில்லை. இடையில் எழுந்த திரைப்பட முயற்சியும் கைகூடவில்லை. அடுத்து ஹுலு ஓடிடி தளம் எடுத்த முன்னோட்டம் 2018-இல் நிராகரிக்கப்பட்டது.

பிறகு நெட்ஃபிளிக்ஸ் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கியது. முதன்மை நடிகர்களில் ஹுலு முன்னோட்டத்திலிருந்து தப்பியவன் ஒரு சிறுவன்தான்: கடைக்குட்டி போடியாக நடித்த ஜாக்சன் ராபர்ட் ஸ்காட். ஜோ ஹில்லின் தந்தை ஸ்டீபன் கிங்கின் நாவலிலிருந்து உருவான ‘இட்’ படத்தில் ஜார்ஜியாக வந்து நம் நெஞ்சைப் பதறவைத்தவனும் இவனே.

2020 பிப்ரவரி 7 அன்று வெளியான தொடர், மூன்று பருவங்கள் ஓடி 2022-இல் நிறைவடைந்தது. தொடரைப் பார்த்தவர்கள் காமிக்ஸையும் அவசியம் படியுங்கள். ரோட்ரிகஸின் கோடுகளில் உள்ள திகில் தனி ரகம்.