உங்களுக்குத் தெரியுமா? மியூனிக் வழியாகக் கன்சோலுக்குப் போன கைபேசி விளையாட்டு

ஜப்பானிய ஆர்.பி.ஜி. (பாத்திரமேற்று ஆடும்) விளையாட்டுகள் பழைய கன்சோல்களிலிருந்து கைபேசிக்கு வருவதே வழக்கம். 1987இல் வெளியான ‘ஃபைனல் ஃபேன்டஸி’ 2010இல் ஐபோனுக்கு வந்தது. 1993இன் ‘சீக்ரெட் ஆஃப் மானா’வும் அதே ஆண்டு வந்து சேர்ந்தது. பொத்தானே இல்லாத கண்ணாடித் திரையில் எப்படி ஆடுவது என்று ரசிகர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். மாறி மாறி முறை வைத்துத் தாக்கும் ‘ஃபைனல் ஃபேன்டஸி’க்குத் தொடுதிரை தாராளமாகப் போதும். ஓடிக்கொண்டே வாள் வீச வேண்டிய ‘மானா’வில் நம் கட்டைவிரலே எதிரியை மறைத்துவிடும்.

மியூனிக்கின் எஃப்.டி.ஜி. என்டர்டெயின்மென்ட் நிறுவனம் இதே பாதையில் எதிர்த்திசையில் நடந்தது. ஜாவா கைபேசிகளுக்கு ‘பாபி கேரட்’ தந்த நிறுவனம் அது. பின்லாந்தின் கார்ன்ஃபாக்ஸ் குழு, ‘செல்டா’ விளையாட்டுத் தொடரின் தாக்கத்தில் உருவாக்கிய ‘ஓஷன்ஹார்ன்’ 2013இல் ஐபோனில் வெளியானது. ‘ஃபைனல் ஃபேன்டஸி’யின் இசையமைப்பாளர் நொபுவோ உவேமாட்சுவும் அதற்கு இசை தந்தார். வரைபடத்தில் ஒரு தீவைத் தொட்டால் போதும், படகு தானே அங்கே போய்விடும். தொடுதிரையை நன்கு புரிந்துகொண்ட வடிவமைப்பு என்று இதைத் தயங்காமல் பாராட்டலாம். அதைத்தான் எஃப்.டி.ஜி. 2016இல் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோல்களுக்கும், 2017இல் நிண்டெண்டோ ஸ்விட்சுக்கும் கொண்டுபோனது.

அடுத்த ஆண்டே இந்நிறுவனம் பாரிஸின் கேம் அட்டெலியே குழுவுடன் ‘மான்ஸ்டர் பாய்’ வெளியிட்டது. ‘வொண்டர் பாய்’ தொடரைப் படைத்த ரியூயிச்சி நிஷிஸாவாவும் அதில் கைகோத்தார்.