வேதிப் பொறியியலும் சட்டமும்: சேர்த்துப் படிப்பதா, அடுத்தடுத்துப் படிப்பதா?

2025 செப்டம்பரில் அந்தமான் கடலிலிருந்து ஒரு செய்தி வந்தது. தீவின் கிழக்குக் கரையிலிருந்து 17 கிலோமீட்டர் தொலைவில் ஆயில் இந்தியா நிறுவனம் தோண்டிய ‘ஸ்ரீ விஜயபுரம்-2’ என்னும் கிணற்றில் இயற்கை எரிவாயு இருப்பது தெரியவந்தது. கப்பலில் காக்கிநாடாவுக்குக் கொண்டு சென்று சோதித்த மாதிரியில் மீத்தேன் 87 விழுக்காடு இருந்ததாக மத்திய அரசு அறிவித்தது.

இச்செய்தியை வேதிப் பொறியாளர் ஒரு விதமாகப் படிப்பார். எரிவாயுவின் கலவை என்ன, அதனை எவ்வாறு தூய்மைப்படுத்துவது, எந்த அழுத்தத்தில் கொண்டுசெல்வது என்பன அவருடைய கேள்விகள். சட்டம் பயின்றவரின் கேள்விகள் வேறு. 1948ஆம் ஆண்டின் எண்ணெய் வயல்கள் சட்டம் 2025இல் திருத்தப்பட்ட பின்னர் உரிமம் பெறுவது எப்படி? கசிவு நேர்ந்தால் இழப்பீட்டுக்குப் பொறுப்பு யார்? இவ்விரு வகைக் கேள்விகளுக்கும் விடை சொல்லத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. ஆதலால், இரண்டையும் ஒருவரே கற்க இயலுமா என்று மாணவர்கள் கேட்பது இயல்பு. இயலும். ஆனால் எந்த வழியில் கற்பது என்பதைக் குடும்பம் பணத்தைக் கட்டுவதற்கு முன்னரே தீர்மானிக்க வேண்டும்.

இரண்டும் சந்திக்கும் இடங்கள்

வேதியியலும் சட்டமும் ஒன்றையொன்று சந்தித்த முதன்மையான வழக்குகளுள் ஒன்று சென்னையில் தொடங்கியது. இரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மருந்தின் ‘பீட்டா’ படிக வடிவத்திற்குக் காப்புரிமை கோரி நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998இல் விண்ணப்பித்தது. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் அதனை மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2013 ஏப்ரல் 1ஆம் நாள் நிறுவனத்துக்கு எதிராக முடிந்தது. அறியப்பட்ட ஒரு பொருளின் புதிய வடிவத்திற்குக் காப்புரிமை வேண்டுமெனில் அதன் பயன்திறன் உயர்ந்திருக்க வேண்டும் என்பது காப்புரிமைச் சட்டத்தின் 3(ஈ) பிரிவு. மருந்து உடலில் கூடுதலாக உட்கவரப்படுவது மட்டுமே நோய் தீர்க்கும் திறன் உயர்ந்ததற்குச் சான்றாகாது என்று நீதிமன்றம் கருதியது. படிக வடிவம் என்றால் என்னவென்று அறியாதவரால் இவ்வழக்கின் ஆவணங்களைப் புரிந்துகொள்ள இயலாது.

மற்றொன்று வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பற்றியது. குரோமியம் கொண்டு பதனிடுகையில் வெளியேறிய கழிவுநீர் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது. 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேடு விளைவித்தவரே அதனைச் சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும், ஐயமுள்ள இடத்தில் முன்னெச்சரிக்கை வேண்டும் என்ற கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதியாயின. இன்று இத்தகைய வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் நீதித் துறையினருடன் அறிவியல், தொழில்நுட்ப வல்லுநர்களும் உறுப்பினராக அமர்கின்றனர். அந்தமானுக்குரிய அமர்வு கொல்கத்தாவில் உள்ளது.

காப்புரிமை முகவர் தொழிலும் உண்டு. அதற்கான தேர்வை எழுத அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் வேண்டும். சட்டப் பட்டமும் சேர்ந்திருப்பவர் விண்ணப்பம் எழுதுவதோடு நின்றுவிடாமல், வழக்குரைஞராக நீதிமன்றத்திலும் வாதாடலாம்.

இரண்டு வழிகள்

முதல் வழி ஒருங்கிணைந்த பட்டம். இரு பட்டங்களும் சேர்ந்து ஆறு ஆண்டுகள். ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் பொறியியலும் சட்டமும் இணைந்த படிப்பு பரவலாக உள்ளது. இந்தியாவில் இது அரிது. டேராடூனில் உள்ள யு.பி.இ.எஸ். பல்கலைக்கழகம் எரிசக்தித் தொழில்நுட்பத்தைச் சட்டத்துடன் இணைத்துக் கற்பித்த முன்னோடிகளுள் ஒன்று. வெளிநாட்டில் சட்டப் பட்டம் பெற்றுத் திரும்புவோர் இந்தியாவில் வழக்குரைஞராவதற்கு, அப்பட்டம் இந்திய பார் கவுன்சிலால் ஏற்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். தகுதித் தேர்விலும் தேற வேண்டும்.

இரண்டாம் வழி அடுத்தடுத்த பட்டங்கள். நான்கு ஆண்டு பி.டெக். முடித்தபின் மூன்றாண்டு எல்.எல்.பி. படிப்பது, மொத்தம் ஏழு ஆண்டுகள். இந்திய தொழில்நுட்பக் கழகம் காரக்பூரில் 2006இல் தொடங்கப்பெற்ற இராஜீவ் காந்தி அறிவுசார் சொத்துரிமைச் சட்டப் பள்ளி, பொறியியல் போன்ற துறைகளில் பட்டம் பெற்றோர்க்கென்றே மூன்றாண்டுச் சட்டப் படிப்பை நடத்துகிறது. சென்னையிலுள்ள தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரி அரசு சட்டக் கல்லூரியிலும் மூன்றாண்டுப் படிப்பு உண்டு. முதற்பட்டத்தில் பொதுப் பிரிவினர்க்கு 45 விழுக்காடு மதிப்பெண் இருந்தால் விண்ணப்பிக்கலாம்; பிற்படுத்தப்பட்டோர்க்கு 42, பட்டியலினத்தார்க்கும் பழங்குடியினர்க்கும் 40.

மூன்றாவதாகச் சிலர் எண்ணும் வழி ஒன்றுண்டு. பகலில் பொறியியல், மாலையில் சட்டம் என இரு கல்லூரிகளில் ஒரே காலத்தில் பயில்வது. அது வேண்டாம். ஒருங்கிணைந்த பட்டம் தவிர, ஒரே நேரத்தில் இரண்டு முறையான பட்டப் படிப்புகளில் சேர்வதைப் பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக்கல்வி விதிகள் தடைசெய்கின்றன.

மிச்சமாகும் ஓராண்டின் விலை

ஆறு ஆண்டா, ஏழு ஆண்டா என்று மட்டும் பார்த்தால் முதல் வழியே சிறந்ததாகத் தோன்றும். ஆனால் அதே 2008 விதிகளில் 13ஆம் விதி ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. ஒருங்கிணைந்த படிப்பை இடையில் பிரித்து, ஒரு பட்டத்தை மட்டும் வழங்கி மாணவரை வெளியே அனுப்ப இயலாது. நான்காம் ஆண்டின் முடிவில் சட்டத்தில் நாட்டமில்லை என்று உணர்ந்தாலோ, வீட்டில் பணமுடை நேர்ந்தாலோ, பொறியியல் பட்டத்தை மட்டும் பெற்றுக்கொண்டு திரும்ப முடியாது.

ஸ்ரீ விஜயபுரம் நகரின் குட்வில் எஸ்டேட்டில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். சட்டம் மட்டும் படிக்க 2016இல் தொடங்கிய அந்தமான் சட்டக் கல்லூரி அருகிலேயே உண்டு. வேதிப் பொறியியலுக்கோ கடல் கடந்தே ஆகவேண்டும். கல்விக் கட்டணத்துடன் விடுதிச் செலவு, கப்பல் அல்லது விமானப் பயணச் செலவு என ஒவ்வோர் ஆண்டும் சுமை கூடும். பதினெட்டு வயதில் எடுக்கும் முடிவு ஆறு ஆண்டுகள் மாறாமல் நிற்கும் என்று நம்பிக் கடன் வாங்குவது இத்தகைய குடும்பத்துக்குப் பெரிய துணிவு.

கணக்கைப் பார்ப்போம். ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 1 இலட்சம் ரூபாய் கடன் பெறுவதாகவும், தனிவட்டி 10 விழுக்காடு எனவும், படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்குவதாகவும் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். ஆறு ஆண்டுப் படிப்பில் அசல் 6 இலட்சம். தவணை தொடங்கும் நாளில் சேர்ந்திருக்கும் வட்டி 2.70 இலட்சம். இடைவெளியின்றி ஏழு ஆண்டுகள் படித்தால் அசல் 7 இலட்சம், வட்டி 3.50 இலட்சம். பி.டெக். மட்டும் முடித்து நிறுத்தினால் அசல் 4 இலட்சம், வட்டி 1.40 இலட்சம்.

ஆகவே ஒருங்கிணைந்த படிப்பு, முழுமையாக முடிக்கப்பட்டால், 1.80 இலட்சம் ரூபாயை மிச்சப்படுத்துகிறது. அடுத்தடுத்துப் படிப்பவர் அத்தொகையைக் கொடுத்து வாங்குவது, நான்காம் ஆண்டில் கையில் ஒரு பட்டத்துடன் நின்று மறுபடி சிந்திக்கும் உரிமையை. இரண்டு ஆண்டுகள் தொழிற்சாலையில் பணியாற்றிக் கடனில் ஒரு பகுதியைத் தீர்த்தபின் சட்டம் பயில வருபவருக்கு வேறொரு நன்மையும் உண்டு. வழக்கில் பேசப்படும் கொதிகலனையும் கழிவுநீர்த் தொட்டியையும் அவர் கண்ணால் கண்டிருப்பார். செலவை உறுதியாகத் தாங்கக்கூடிய குடும்பத்திற்கும், ஐயமற்ற நாட்டமுடைய மாணவருக்கும் முதல் வழி பொருந்தும். ஏனையோர்க்கு இரண்டாம் வழியே பாதுகாப்பானது.

கடன் பெறுமுன் அறிய வேண்டியவை

பிரதம மந்திரி வித்யாலக்ஷ்மி திட்டம் 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்றது. தகுதி பெற்ற உயர்கல்வி நிறுவனங்களில் இடம் கிடைத்த மாணவர்க்கு ஈடும் பிணையாளரும் இன்றி இத்திட்டத்தில் கடன் கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 8 இலட்சம் ரூபாய்க்குள் இருந்து, வேறு அரசு உதவித்தொகையோ வட்டிச் சலுகையோ பெறாதவர்க்கு, 10 இலட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குப் படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டிலும் 3 விழுக்காடு வட்டி மானியம் உண்டு. பயனாளிகளின் எண்ணிக்கைக்கு ஆண்டு வரம்பு இருக்கிறது. நீங்கள் சேரும் கல்லூரி பட்டியலில் உள்ளதா என்று முதலில் பாருங்கள்.

வருமான வரியின் பழைய முறையைத் தேர்ந்தோர், கல்விக் கடனுக்குச் செலுத்தும் வட்டி முழுவதையும் எட்டு ஆண்டுகள் வரை வருமானத்திலிருந்து கழிக்கலாம். படிப்புக் காலத்திலேயே வட்டியை மட்டும் மாதந்தோறும் செலுத்தி வந்தால், தவணை தொடங்குகையில் சுமை குறையும். முதற்கடன் நிலுவையில் இருக்கும்போதே சட்டப் படிப்புக்குக் கூடுதல் கடன் வேண்டுமெனில், அதற்கான வழியைச் சேர்வதற்கு முன்னரே கிளையில் கேட்டறிவது நலம்.

கல்லூரியிடம் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். சட்டப் படிப்புக்கு, நீங்கள் சேரும் ஆண்டுக்கான பார் கவுன்சில் ஒப்புதல் உள்ளதா? வழங்கப்படும் பொறியியல் பட்டம் வேதிப் பொறியியலா, அல்லது வேறு பெயரில் அமைந்ததா? இரண்டுக்கும் தெளிவான விடை வராத இடத்தில் முன்பணம் கட்ட வேண்டாம்.

படிப்பு முடிந்தபின் வரும் செலவு சிறியது. வழக்குரைஞராகப் பதிவு செய்யப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கும், பட்டியலினத்தார், பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கும் மேல் மாநில பார் கவுன்சில்கள் பெறலாகாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிவு செய்தோர் அகில இந்திய பார் தேர்விலும் தேற வேண்டும்.

அந்தமான் கடலின் எரிவாயு கரைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகலாம். இன்று பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பவர் இரு பட்டங்களையும் பெற்றுத் திரும்பவும் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆகும். அவசரப்பட்டு ஓராண்டை மிச்சப்படுத்துவதைவிட, ஒவ்வொரு படியிலும் கால் ஊன்ற இடமிருக்கும் வழியைத் தேர்வது குடும்பத்துக்கும் மாணவருக்கும் நன்மை தரும்.