மன்னிப்பில் ஏன் ஒரு ‘இருந்தால்’?

பிரசங்க பீடத்தில் வாய் தவறும் போதகர்கள் வருத்தம் தெரிவிக்கத்தான் செய்கிறார்கள். கேட்டவர்களின் கோபம்தான் தணிவதில்லை.

பெங்களூருவின் தொம்மலூரில் தமிழ்ப் பிரசங்கம் கேட்க வெகுதூரம் அலைய வேண்டாம். அங்கும் பக்கத்திலுள்ள அல்சூர், மர்பி டவுன் பகுதிகளிலும் கன்டோன்மென்ட் காலத்திலிருந்தே தமிழர்கள் வாழ்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனைக்குப் பஞ்சமில்லை. அதே தொம்மலூரில்தான் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் கொண்ட சொக்கநாத சுவாமி கோயிலும் இருக்கிறது. சபைக்குப் போகிறவரும் கோயிலுக்குப் போகிறவரும் ஒரே கடையில் பால் வாங்கி, ஒரே நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நிற்கும் ஊர். பீடத்தில் விழும் ஒரு தடித்த சொல் நான்கு சுவருக்குள் நின்றுவிடும் என்று எந்தப் போதகரும் இங்கே நம்ப முடியாது. போதாக்குறைக்கு, மைக்குக்கு எதிரே ஸ்டாண்டில் ஒரு செல்போன் நேரலை செய்துகொண்டிருக்கும்.

அந்தச் செல்போனின் வலிமையைத் தமிழகப் போதகர்கள் 2018ல் நன்றாகவே உணர்ந்தார்கள். தூத்துக்குடி மாவட்டம் நாலுமாவடியில் ‘இயேசு விடுவிக்கிறார்’ ஊழியத்தை நடத்தும் மோகன் சி. லாசரஸ், ஓர் உள்ளரங்கக் கூட்டத்தில் தமிழகக் கோயில்களைச் சாத்தானின் அரண்கள் என்ற பொருளில் பேசிய வீடியோ அந்த ஆண்டு பரவியது. பல மாவட்டங்களில் புகார்கள், வழக்குகள். 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அந்த வழக்குகளை ரத்து செய்தார். லாசரஸ் வருத்தம் தெரிவித்து, இனி அப்படிப் பேசுவதில்லை என்ற உறுதியோடு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்திருந்ததுதான் காரணம். பிற மதங்கள் மீது விஷம் கக்கித் தன்னிடம் ஆள் சேர்ப்பதை இயேசுவே விரும்பியிருக்க மாட்டார் என்பது தீர்ப்பின் சாரம்.

வழக்கு முடிந்தது. ஆனால் பிரமாணப் பத்திரத்தில் கேட்கும் மன்னிப்பு நீதிமன்றக் கோப்புக்குத்தான் போகிறது. புண்பட்டவர் அதை மறுநாள் பத்திரிகையில் மூன்றாம் மனிதராகப் படித்துத் தெரிந்துகொள்கிறார்.

அருமனையில் நடந்தது இன்னும் கரடுமுரடானது. ஸ்டேன் சுவாமிக்கு அஞ்சலி செலுத்த 2021 ஜூலை 18ல் கன்னியாகுமரி மாவட்டம் அருமனையில் கூடிய கூட்டத்தில் கத்தோலிக்கப் பாதிரியார் ஜார்ஜ் பொன்னையா பிரதமரையும் உள்துறை அமைச்சரையும் தாக்கிப் பேசினார். அத்தோடு நிற்காமல் பூமாதேவியையும் பாரத மாதாவையும் கேலி செய்தார். செருப்பில்லாமல் நடக்கும் நாகர்கோவில் எம்.எல்.ஏ. எம்.ஆர். காந்தியைக் கிண்டலடிக்கப் போய் வந்த வினை. எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்பு வீடியோ வெளியிட்டார். தன் பேச்சு வெட்டி ஒட்டப்பட்டது, இந்துக்களின் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன் என்பது அதன் பொருள். ஜூலை 24ல் கைதானார். 2022 ஜனவரியில் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் சில பிரிவுகளை நீக்கினாலும் மத உணர்வைப் புண்படுத்தியது, பகைமை வளர்த்தது ஆகிய குற்றச்சாட்டுகளை ரத்து செய்ய மறுத்துவிட்டார். நகைச்சுவைக் கலைஞர்கள் முனாவர் ஃபாருக்கி, அலெக்சாண்டர் பாபு ஆகியோரின் பெயர்களைத் தீர்ப்பில் குறிப்பிட்டு, மேடையில் கேலி செய்ய அவர்களுக்கு உள்ள சலுகையை ஒரு மதபோதகர் கோர முடியாது என்றார்.

சட்டத்தின் பார்வையும் அதுதான். மதங்களுக்கிடையே பகைமை வளர்க்கும் பேச்சுக்கு மூன்றாண்டு வரை சிறை. அதையே வழிபாட்டுத் தலத்திலோ வழிபாட்டுக் கூட்டத்திலோ பேசினால் ஐந்தாண்டு வரை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 153ஏ, 505 பிரிவுகளில் இருந்த இந்த வேறுபாடு, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 196, 353 பிரிவுகளிலும் தொடர்கிறது.

அந்த ‘இருந்தால்’ எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் வக்கீல் வீட்டிலிருந்து. தவறு என்று ஒப்புக்கொண்டால் அதுவே வாக்குமூலம் ஆகிவிடும் என்ற பயம். நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் (1971) கூட, நல்லெண்ணத்தோடு கேட்ட மன்னிப்பை நிபந்தனை கலந்தது என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளக் கூடாது என்கிறது. சட்டம் பெருந்தன்மை காட்டுகிறது. ஆனால் கேட்பவர் காதில் விழுவது வேறு: தப்பு என்னுடையதல்ல, உன் மனசு மெல்லிசு.

இதில் ஒரு முரண் உண்டு. திருப்பலியின் தொடக்கத்தில் பெரும்பாலும் குருவும் மக்களும் சேர்ந்து, சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் கடமை தவறியதாலும் பாவம் செய்ததாக மார்பில் தட்டிக்கொண்டு அறிக்கையிடுகிறார்கள். அந்த ஜெபத்தில் ‘இருந்தால்’ இல்லை.

போப்பாண்டவர்களும் இந்தச் சிக்கலுக்கு விலக்கல்ல. 2006 செப்டம்பர் 12ல் ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 16ம் பெனடிக்ட், நபிகள் நாயகத்தைப் பற்றி ஒரு பைசாந்தியப் பேரரசர் சொன்ன கடுமையான வார்த்தைகளை மேற்கோள் காட்டினார். முஸ்லிம் நாடுகள் கொந்தளித்தன. ஐந்து நாள் கழித்து, எழுந்த எதிர்வினைகளுக்காக மிகவும் வருந்துவதாகவும் மேற்கோள் தன் கருத்தல்ல என்றும் சொன்னார். எதிர்வினைக்கு வருத்தம், பேச்சுக்கு அல்ல. கோபம் அதோடு அடங்கவில்லை. அதே நவம்பரில் அவர் இஸ்தான்புல் நீல மசூதியில் செருப்பைக் கழற்றிவிட்டு முஃப்தியின் அருகில் மௌனமாக நின்ற காட்சி, அறிக்கைகள் சாதிக்காததைச் சாதித்தது.

அடுத்து வந்த பிரான்சிஸ் இரண்டு விதமாகவும் நடந்தார். 2019ன் கடைசி இரவில் தன் கையைப் பிடித்து இழுத்த பெண்ணின் கையில் கோபமாக அடித்தார். மறுநாளே கூட்டத்துக்கு முன், தானும் பொறுமை இழப்பதுண்டு என்று சொல்லி, காட்டிய தவறான முன்னுதாரணத்துக்கு மன்னிப்புக் கேட்டார். விளக்கம் இல்லை, நிபந்தனை இல்லை. ஆனால் 2024 மே மாதம் இத்தாலிய ஆயர்களின் மூடிய கூட்டத்தில் ஓரினச் சேர்க்கையாளர்களைப் பற்றி ஓர் இழிசொல்லைப் பயன்படுத்தியது வெளியானபோது, வருத்தம் வாடிகன் செய்தித் தொடர்பாளர் வழியாகத்தான் வந்தது. அடுத்த மாதமே அதே சொல்லை மீண்டும் சொன்னதாக இத்தாலியப் பத்திரிகைகள் எழுதின.

நாக்குத் தவறுவது என்று உண்மையிலேயே ஒன்று உண்டு. 2014ல் இதே பிரான்சிஸ் ஞாயிறு உரையில் இத்தாலிய வார்த்தை ஒன்றைப் பிசகி உச்சரிக்க, அது கெட்ட வார்த்தையாகிவிட்டது. உடனே திருத்திக்கொண்டார், எல்லோரும் சிரித்ததோடு சரி. ஆனால் 2022 நவம்பரில் விழிஞ்ஞம் துறைமுகப் போராட்டத்தின்போது பாதிரியார் தியோடோசியஸ் டிக்ரூஸ், கேரள அமைச்சர் அப்துரஹ்மானின் பெயரிலேயே பயங்கரவாதி இருப்பதாகச் சொன்னது அந்த வகையல்ல. மறுநாள் நாக்குப் பிழை என்று மன்னிப்புக் கேட்டார். அமைச்சர் ஏற்கவில்லை. பிசகியது ஒரு எழுத்தல்ல, ஒரு முழு வாக்கியம்.

இது கிறிஸ்தவப் பீடங்களின் நோய் மட்டுமல்ல. 2018 ஜனவரியில் ஆண்டாள் பற்றிய கட்டுரைக்காகக் கவிஞர் வைரமுத்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உண்ணாவிரதம் இருந்தவர் சடகோப ராமானுஜ ஜீயர். வைரமுத்துவோ, யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துவதாகச் சொல்லியிருந்தார். இங்கேயும் அதே ‘இருந்தால்’! அந்த மாதம் முடிவதற்குள், எங்களுக்கும் சோடா பாட்டில் வீசத் தெரியும் என்று பேசிவிட்டு ஜீயரே வருத்தம் தெரிவிக்கும்படி ஆனது.

அப்படியானால் எப்படித்தான் கேட்பது? சொன்ன இடத்திலேயே கேட்பது முதல் படி. ஞாயிறு பிரசங்கத்தில் சொன்னதற்கு அடுத்த ஞாயிறு அதே பீடத்தில், பிரசங்கம் தொடங்குவதற்கு முன்பு, இரண்டு நிமிடத்தில். பேசியது நேரலையில் போயிருந்தால் மன்னிப்பும் நேரலையில். பேச்சு ஒருவரைக் குறித்ததென்றால் அதற்கு முன்பே அவர் வீட்டுக்குப் போய்விட வேண்டும். காணிக்கையைப் பீடத்திலேயே விட்டுவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லும் மத்தேயு ஐந்தாம் அதிகாரம் போதகர்களுக்குப் புதிதல்ல. எது தவறு என்று சொல்ல வேண்டும். ஆனால் அந்த வார்த்தையைத் திரும்ப உச்சரிக்க வேண்டியதில்லை. வெட்டி ஒட்டிய வீடியோ பற்றிய புகார் நியாயமாகவே இருந்தாலும் அதற்கு வேறொரு நாள் இருக்கிறது.

நீதிமன்றம் வரை போகும் பேச்சுகள் கொஞ்சம்தான். பீடத்தில் அதிகம் அடிபடுவது வேற்று மதத்தவர் அல்ல, சொந்தச் சபையார். பிந்தி வருகிறவர், பிரசங்கத்தில் தூங்கி விழுகிறவர், மகள் வேற்று மதத்தில் கல்யாணம் செய்துகொண்ட குடும்பம், நகை போட்டு வந்த பெண். பெயர் சொல்லாவிட்டாலும் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். எழுந்து நின்று பதில் சொல்லும் வழக்கம் தமிழ்ச் சபைகளில் இல்லை. திட்டு வாங்கியவர் தலை குனிந்து கடைசிப் பாட்டு வரை உட்கார்ந்திருப்பார். போலீஸ் புகார் வராது, வீடியோ பரவாது. தொம்மலூர் போன்ற இடத்தில் அடுத்த சபை நடக்கும் தூரத்தில் இருக்கிறது. சில வாரம் கழித்து அந்தக் குடும்பத்தைக் காணோமே என்று போதகர் விசாரிக்கும்போது, அவர்கள் அல்சூரில் வேறொரு சபையில் சந்தா கட்டியிருப்பார்கள்.