திரும்பும் வழியில் குடுமியான்மலை

நாலைந்து நாள் ஊர் சுற்றிய வேனில் கடைசி நாள் எப்படி இருக்கும் என்பது போய்வந்தவர்களுக்குத் தெரியும். கிளம்பும்போது பாட்டும் கூச்சலுமாக இருந்த வண்டியில் இப்போது பாதிப்பேர் தூக்கத்தில். விழித்திருப்பவர்களில் ஒருவர் டீசல், டோல், ரூம் வாடகை என்று கூட்டி ஆள்வீதம் வகுத்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் திங்கட்கிழமை ஆபீஸை நினைத்து, "எங்கேயும் நிக்காமப் போனா விடியறதுக்குள்ள சென்னைடா" என்பார். அந்த யோசனைக்கு மறுப்பே இருக்காது. ராமேஸ்வரம், காரைக்குடி, திருமயம் பார்த்துத் திரும்பும் வேன்கள் புதுக்கோட்டையைத் தொட்டதும் கீரனூர் வழியாகத் திருச்சிக்குப் பறப்பது இப்படித்தான்.

திரும்பும் பயணம் சீக்கிரம் முடிந்துவிடும் என்ற எண்ணம் எல்லோருக்கும் உண்டு. நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீல்ஸ் வான் டி வென் குழுவினர் 2011-ல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதே தூரம்தான், ஆனாலும் திரும்புவது குறைந்த நேரமாகவே தோன்றுகிறது. வழி பழகிவிட்டதால் அல்ல, வேறு வழியில் திரும்பியவர்களுக்கும் அப்படியே தோன்றியது. போகும்போது நினைத்ததைவிட அதிக நேரம் பிடிக்க, திரும்பும்போதும் அவ்வளவு ஆகும் என்று மனம் முன்கூட்டியே தயாராகிவிடுவதே காரணம் என்பது அவர்கள் விளக்கம்.

மனக்கணக்கு அப்படி. சாலையின் கணக்கு வேறு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் தமிழ்நாட்டில் நடந்த விபத்துகள் 64,105, நாட்டிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர். நாலு நாள் அலைந்த டிரைவரை ராத்திரி முழுக்க ஓட்டச் சொல்வதற்கு முன் இந்த எண்களை ஒருமுறை பார்க்கலாம்.

தமிழில் நண்பர்கள் சேர்ந்து போன பயணம் என்றதும் நினைவுக்கு வருவது தி. ஜானகிராமனும் சிட்டியும் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'. 1971-ல் வந்த புத்தகம். காவிரியோடு போனவர்களுக்கு அவசரம் இல்லை. ஆறு போகிற ஊரெல்லாம் அவர்களுக்கு இறங்கிப் பார்க்க வேண்டிய ஊர். ஜெயமோகன் 2012-ல் நண்பர்களோடு காரில் ராஜஸ்தான் வரை சமணத் தலங்களைத் தேடிப் போய், அன்றன்றைய அனுபவத்தை அன்றன்றே எழுதினார். சமணத்தைத் தேடுகிறவர்களுக்குப் புதுக்கோட்டைச் சீமையிலேயே சித்தன்னவாசல் இருக்கிறது. அங்கிருந்து குடுமியான்மலை பக்கம்தான்.

புதுக்கோட்டையிலிருந்து மேற்கே சுமார் 20 கி.மீ. வயலும் பாறையுமான ஊர். அரசு விதைப் பண்ணையான அண்ணா பண்ணையும், வேளாண்மைக் கல்லூரியும் இங்கேதான். பழைய பெயர் திருநலக்குன்றம். குன்றின் அடிவாரத்தில் சிகாநாதசுவாமி கோயில்.

குடுமிக் கதை நண்பர் கூட்டத்துக்கென்றே சொன்னதுபோல் இருக்கும். சாமிக்குரிய பூவை அர்ச்சகர் தன் காதலிக்குக் கொடுத்துவிட்டார். எதிர்பாராமல் ராஜா வந்து நிற்க, அவள் கூந்தலிலிருந்த பூவையே எடுத்துப் பிரசாதமாக நீட்டினார். பூவில் தலைமுடி! "சாமிக்குக் குடுமி உண்டு" என்று சமாளித்தார். சாமியும் குடுமியோடு காட்சி தந்து அவரைக் காப்பாற்றிவிட்டார். மாட்டிக்கொண்ட சிநேகிதனை விட்டுக்கொடுக்காத சாமி. முன் மண்டபத்தில் ரதி, மன்மதன், பத்துத்தலை ராவணன், நரசிம்மர் என்று ஆளுயரச் சிற்பங்கள். நகத்தையும் நகையையும்கூட விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். 1730-ல் விஜயரகுநாதராயத் தொண்டைமான் முடிசூடிக்கொண்டது இந்த ஊரில்தான்.

ஆனால் வண்டியைத் திருப்புவதற்கு முதல் காரணம் இவை எதுவும் இல்லை. மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறையில் இருக்கும் இசைக் கல்வெட்டு. ஏறத்தாழ 13 அடிக்கு 14 அடிப் பரப்பில், ஏழாம் நூற்றாண்டுக் கிரந்த எழுத்தில், வரி வரியாக ஸ்வரங்கள். மத்யமகிராம ராகத்தில் தொடங்கிக் கைசிக ராகம் வரை ஏழு பிரிவுகள். ஸ்வரங்கள் நான்கு நான்காகச் சேர்ந்து நிற்கின்றன. ஒரே ஸ்வரம் அகரம், இகரம், உகரம், எகரம் என்று உயிர் மாறி மாறி வருகிறது. அந்த மாற்றம் எதைக் குறிக்கிறது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ருத்ராசாரியாரின் சீடனான, சிவபக்தனான ஓர் அரசன் மாணவர்களுக்காகச் செய்தது என்று கல்வெட்டே சொல்கிறது. பெயரைச் சொல்லவில்லை. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் என்பது பரவலான கருத்து, மறுப்பவர்களும் உண்டு. கடைசியில் தமிழிலும் ஒரு குறிப்பு: எட்டுக்கும் ஏழுக்கும் இவை உரியவை என்று. எந்த எட்டு, எந்த ஏழு? அதற்கும் பல விளக்கங்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டறியப்பட்ட இதை, பி.ஆர். பண்டார்கர் 'எபிகிராபியா இண்டிகா'வில் பதிப்பித்தார். இதே போன்ற ஒன்று திருமயத்திலும் இருந்து, பெரும்பகுதி அழிந்துபோயிற்று. திருமயத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இதையும் பார்த்தால்தான் அங்கே அழிந்தது எவ்வளவு என்பது புரியும்.

நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும். காலையிலோ சாயங்காலமோ போங்கள். எழுத்து படத்தில் தெளிவாக விழவேண்டுமென்று சாக்பீஸ் தேய்க்காதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள். பார்த்து முடித்ததும் இலுப்பூர் வழியாக விராலிமலைக்குப் போனால் நான்குவழிச் சாலை வந்துவிடும். அங்கிருந்து திருச்சி சுமார் 30 கி.மீ. ராத்திரி திருச்சியில் தங்கி, டிரைவரைத் தூங்கவிட்டு, காலையில் சென்னைக்குக் கிளம்புங்கள். ஆபீஸுக்கு ஒருநாள் லீவு சொல்லிக்கொள்ளலாம்.